மடமும் தெருவும் – 11: சிஸ்டர் ஹெலன் வீடு மாறிய கதை

1980ஆம் ஆண்டு ஜூன் மாதம், இந்தியானா மாநிலத்தின் டெரி ஹோட் நகரில் கூடிய கன்னியர் கூட்டத்துக்கு சிஸ்டர் ஹெலன் பிரேஜான் வேண்டாவெறுப்பாகத்தான் போனார். அப்போது அவருக்கு வயது 41. மடத்தில் சேர்ந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய புனித சூசையப்பர் சபைக்குள் கொஞ்ச காலமாகவே ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழைகளுக்கு உதவுவது சரி, அவர்களோடு நின்று அவர்களுடைய உரிமைக்காகப் போராடுவதும் துறவியின் வேலையா? ஆம் என்றவர்கள் ஒரு பக்கம், இல்லை என்றவர்கள் ஒரு பக்கம். ஹெலன் இல்லை என்ற பக்கத்தில் இருந்தார்.

நாம் கன்னியர்கள், சமூகப் பணியாளர்கள் அல்ல என்பது அவருடைய வாதம். வறுமை, நிறவெறி போன்றவை பெரிய சிக்கல்கள். அவற்றைத் தீர்க்க அரசியல்வாதிகள் இருக்கிறார்கள். நம் வேலை செபிப்பது, கற்பிப்பது, அன்பு காட்டுவது. ஏழைக்குக் கடவுள் துணை இருந்தால் எல்லாம் இருந்த மாதிரிதானே என்று அவர் நம்பினார். தாம் அரசியல் சார்பற்றவர் என்றும் எண்ணிக்கொண்டிருந்தார். பின்னாளில் இதையெல்லாம் அவரே தம் நூல்களில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட துறவற வாழ்வுப் புதுப்பித்தல் ஆணையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். ஒவ்வொரு சபையும் தன்னைத் தொடங்கியவர்களின் முதல் நோக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. 1971இல் ரோமில் கூடிய ஆயர் மாமன்றம், நீதிக்காகச் செயலாற்றுவதும் நற்செய்தியை அறிவிப்பதன் பிரிக்க முடியாத பகுதிதான் என்றது. அமெரிக்காவில் 1965 வாக்கில் சுமார் 1,80,000 கன்னியர்கள் இருந்தார்கள். ஆணைகள் எல்லா மடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அங்கிகள் மாறின, முக்காடுகள் கழன்றன, உணவறையில் மௌனம் கலைந்தது. ஆனால் ஆணையின் உட்பொருள் ஒரு பெண்ணின் மனத்துக்குள் இறங்க எவ்வளவு காலம் பிடித்தது என்பதற்கு ஹெலனைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

அவர் பிறந்தது 1939 ஏப்ரல் 21, லூசியானாவின் தலைநகர் பேட்டன் ரூஜில். அப்பா வழக்கறிஞர், அம்மா செவிலியர். வசதியான வீடு, மாலையில் குடும்பமாகச் செபமாலை, பாசத்துக்குக் குறைவில்லாத பிள்ளைப்பருவம். வீட்டு வேலைக்குக் கறுப்பின மக்கள் இருந்தார்கள். அவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஞாயிறு திருப்பலியில் அதே மக்கள் ஏன் தனி இடத்தில் உட்கார வைக்கப்படுகிறார்கள் என்று கேட்க மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சிறுமியாக இருந்தபோது, பேருந்து ஓட்டுநர் ஒருவர் கறுப்பின இளம்பெண் ஒருத்தியை வண்டியிலிருந்து கீழே தள்ளியதை ஹெலன் தம் கண்ணால் பார்த்திருக்கிறார். பாவமாக இருந்தது, அவ்வளவுதான். 1953 ஜூனில் அதே ஊரில், போதகர் டி. ஜே. ஜெமிசன் தலைமையில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். உலகம் அறிந்த மாண்ட்கோமரி புறக்கணிப்புக்கு இரண்டு ஆண்டு முன்னோடி அது. ஹெலனுக்கு அப்போது வயது 14. அவர் வாழ்ந்த நகரத்தின் தெருக்களிலேயே வரலாறு நடந்துகொண்டிருந்தது. அவர் வளர்ந்த வீட்டுக்குள் அது வரவில்லை.

1957இல், பதினெட்டு வயதில், தாம் படித்த பள்ளியை நடத்திய அதே சூசையப்பர் சபையில் சேர்ந்தார். சிஸ்டர் லூயிஸ் அகஸ்டின் என்று பெயர் மாற்றினார்கள். கிறிஸ்துவின் மணமகளாக வாழ்வது, ஒழுங்கு தவறாமல் செபிப்பது, தன் ஆன்மாவைப் பழுதில்லாமல் காப்பது என்று அந்தக் காலப் பயிற்சி அவரை வார்த்தெடுத்தது. 1962இல் ஆங்கிலத்திலும் கல்வியியலிலும் பட்டம். நியூ ஆர்லியன்ஸில் பள்ளி ஆசிரியை. 1973இல் கனடாவின் ஒட்டாவா நகரில் மறைக்கல்வியில் முதுகலை. பிறகு பங்கில் மறைக்கல்விப் பொறுப்பு, சபையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு. வத்திக்கான் சங்கத்தை அவர் எதிர்த்தவர் அல்லர். வரவேற்றார், படித்தார், மற்றவர்களுக்கும் கற்பித்தார். தம் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இவ்வளவும் நடந்த நகரத்தில்தான் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வறுமையில் கிடந்தன. அவருக்கு அவர்களில் ஒருவரைக்கூட நண்பர் என்று சொல்லிக்கொள்ளத் தெரிந்திருக்கவில்லை.

இந்த ஆண்டுகளை ஹெலனின் உறக்க காலம் என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பின்னாளில் மரணக் கொட்டடியில் அவருக்குக் கைகொடுத்த செபப் பழக்கம் இந்த ஆண்டுகளில் வந்தது. பின்னாளில் இலட்சம் பேர் படித்த அவருடைய எழுத்து, வகுப்பறையில் ஆங்கிலம் நடத்திய இந்த ஆண்டுகளில் கூர்மை பெற்றது. குறை அவருடைய பக்தியில் இல்லை. அந்தப் பக்தி எந்த முகவரியில் குடியிருந்தது என்பதில் இருந்தது.

டெரி ஹோட் கூட்டத்தில் பேசியவர் சிஸ்டர் மேரி அகஸ்டா நீல். நோட்ர் டாம் தெ நமூர் சபைத் துறவி. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற சமூகவியலாளர். பாஸ்டன் இம்மானுவேல் கல்லூரிப் பேராசிரியர். 1967இல் அமெரிக்கக் கன்னியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கியவர். துறவிகள் என்ன நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை அவர்களைச் சமூக மாற்றத்தின் பக்கம் தள்ளுகிறதா, தடுக்கிறதா என்று எண்களோடு ஆராய்ந்தவர். ஏழைகள் தமக்கு உரியதைக் கேட்டுக் கை நீட்டும்போது, இருப்பவர்கள் செய்ய வேண்டியது பிடியை விடுவது என்பது 1977இல் அவர் எழுதிய நூலின் மையக் கருத்து.

அன்று அவர் புள்ளிவிவரங்களோடு தொடங்கினார். உலகத்தின் வளங்கள் யாரிடம் குவிந்திருக்கின்றன, யார் பசித்திருக்கிறார்கள் என்று விளக்கினார். ஹெலன் மனத்துக்குள் மறுத்துக்கொண்டே கேட்டார். பிறகு நீல் இயேசுவிடம் வந்தார். இயேசு ஏழைகளுக்கு நற்செய்தி சொன்னார் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நற்செய்தியின் உள்ளடக்கம் என்ன? பொறுத்துக்கொள்ளுங்கள், மேலுலகில் பார்த்துக்கொள்ளலாம் என்பதா? இல்லை, இனி நீங்கள் ஏழைகளாக இருக்க வேண்டியதில்லை என்பது. வறுமை கடவுளின் சித்தம் அல்ல. அநீதி நடக்கும் இடத்தில் எனக்கு அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பதும் ஓர் அரசியல் நிலைப்பாடுதான். அது இருக்கும் நிலையைத் தாங்கிப் பிடிக்கிறது.

ஹெலனுக்குள் ஏதோ ஒன்று அந்த இடத்தில் இளகியது. பல ஆண்டுகள் தாம் கற்பித்த நற்செய்தியைத் தாமே முழுதாகக் கேட்டிருக்கவில்லை என்று அவருக்குப் பட்டது. இடி விழவில்லை, காட்சி எதுவும் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், தாம் வாதாடி வந்த கட்சி தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொண்டார். மனமாற்றங்களின் வரலாற்றில் இப்படி வாதத்தில் தோற்று மாறியவர்களின் கதைகள் குறைவாகவே சொல்லப்படுகின்றன. எனக்கு அவைதான் அதிகம் நம்பிக்கை தருகின்றன.

இங்கே ஹெலனின் சபையைப் பற்றிக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1650இல் பிரான்சின் லெ புய் நகரில், ஜான் பியேர் மெதாய் என்ற இயேசு சபைக் குருவின் வழிகாட்டுதலில் ஆறு பெண்கள் சேர்ந்து தொடங்கியது அது. அந்தக் காலத்தில் கன்னியர் என்றால் உயர்ந்த மதிலுக்குள் அடைபட்டு வாழ வேண்டும். இந்த ஆறு பேருக்கு மதில் இல்லை. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, எந்தப் பகுதியில் என்ன துன்பம் இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று வீடு வீடாகத் தேடிப் போனார்கள். நோயாளிகளைப் பார்த்தார்கள், அனாதைப் பிள்ளைகளை வளர்த்தார்கள், ஏழைப் பெண்கள் சொந்தக் காலில் நிற்க லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். முந்நூறு ஆண்டுகளில் பள்ளிகளும் விடுதிகளும் மதில்களும் வந்து சேர்ந்துவிட்டன. ஆக, நீதிப் பணி வேண்டும் என்று 1980இல் கேட்ட சகோதரிகள் புதிதாக எதையும் புகுத்தவில்லை. தங்கள் சபையின் முதல் பக்கத்தைத்தான் திறந்து காட்டினார்கள்.

அடுத்த ஆண்டு, 1981இல், ஹெலன் வீடு மாறினார். நியூ ஆர்லியன்ஸில் மிசிசிப்பி ஆற்றுக்கு அருகே இருந்த செயிண்ட் தாமஸ் அரசுக் குடியிருப்புக்கு, வேறு சில சகோதரிகளோடு குடிபோனார். சிவப்புச் செங்கல் கட்டடங்கள். 1940களின் தொடக்கத்தில் வெள்ளையர்களுக்காகக் கட்டப்பட்டது. ஹெலன் போனபோது அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினத்தவர். ஹோப் ஹவுஸ் என்ற மையத்தில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குப் பாடம் நடத்துவது அவர் வேலை. இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பயந்தார், ஆனாலும் தங்கினார்.

பாடம் நடத்தப் போனவர் மாணவியாகிப் போனார். இத்தனை ஆண்டு பள்ளிக்குப் போயும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத இளைஞர்கள் முன்னால் உட்கார்ந்தபோது, பள்ளி என்ற ஒரே சொல் தம் பிள்ளைப்பருவத்தில் ஒன்றையும் இங்கே வேறொன்றையும் குறிப்பதை உணர்ந்தார். மருத்துவக் காப்பீடு இல்லாத தாய்மார் காய்ச்சல்காரக் குழந்தையோடு மணிக்கணக்கில் காத்துக் கிடப்பதைப் பார்த்தார். காவலர்கள் யாரை எப்படி நடத்துகிறார்கள் என்று அண்டை வீட்டார் சொல்லக் கேட்டார். குடியிருப்பில் ஓர் இளைஞன் கொலையானால் நாளிதழின் உள்பக்கத்தில் சில வரிகள். வெள்ளையர் பகுதியில் நடந்தால் முதல் பக்கம். இதெல்லாம் ரகசியமாக நடந்தது அல்ல. ஹெலன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த அதே மாநிலத்தில் பட்டப்பகலில் நடந்தது.

தமக்கு இதுவரை கிடைத்தவை எல்லாம் தம் நற்குணத்துக்குக் கிடைத்த பரிசு என்ற எண்ணம் அங்கேதான் அவரிடமிருந்து கழன்றது என்று நினைக்கிறேன். நல்ல வீடு, நல்ல பள்ளி, பாதுகாப்பான தெரு ஆகியவை இருந்தால் நல்லவளாக இருப்பது எவ்வளவு எளிது என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். செபமும் மாறியது. உலகத்தின் துன்பத்தை நீக்கும்படி கடவுளைக் கேட்டுக்கொண்டிருந்தவர், அதில் தம் பங்கு என்ன என்று கேட்கத் தொடங்கினார்.

1982 ஜனவரியில் ஒரு நாள், சிறைக்கைதிகளுக்கான அமைப்பு ஒன்றைச் சேர்ந்த நண்பர் ஹெலனைத் தெருவில் பார்த்துப் பேசினார். மரண தண்டனைக் கைதி ஒருவருக்குக் கடிதம் எழுதுவீர்களா என்று கேட்டார். ஹெலன் சரி என்றார். எழுதுவது அவருக்குப் பிடித்த காரியம். ஆங்கில ஆசிரியை அல்லவா? லூசியானாவில் 1961க்குப் பிறகு யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. உச்ச நீதிமன்றம் 1972இல் நிறுத்தி, 1976இல் மறுபடி அனுமதித்திருந்தாலும், மாநிலத்தில் மின்சார நாற்காலி சும்மாதான் கிடந்தது. ஆகவே கடிதங்களோடு முடிந்துவிடும் என்றே அவர் நினைத்தார்.

எல்மோ பேட்ரிக் சோனியே என்பது கைதியின் பெயர். 1977 நவம்பர் 4 இரவு, தன் தம்பியோடு சேர்ந்து 17 வயது இளைஞன் ஒருவனையும் 18 வயதுப் பெண் ஒருத்தியையும் கடத்திச் சென்று கொன்ற வழக்கு. அந்தப் பெண் வன்கொடுமைக்கும் ஆளானாள். தம்பிக்கு ஆயுள் தண்டனை. பேட்ரிக்குக்கு மரண தண்டனை. குற்றத்தின் விவரங்களைப் படித்தபோது ஹெலன் நடுங்கிப்போனார். இருந்தும் எழுதினார். பதில் வந்தது. அவனைப் பார்க்க யாருமே வருவதில்லை என்று தெரிந்ததும் நேரில் போக முடிவு செய்தார். சிறை விண்ணப்பத்தில் ஆன்மிக ஆலோசகர் என்று கையெழுத்திட்டார். உறவினர்கள் வெளியேற வேண்டிய கடைசி மணி நேரங்களிலும் ஆன்மிக ஆலோசகர் உடனிருக்கலாம் என்ற விதியின் கனம் அந்தக் கையெழுத்தைப் போடும்போது அவருக்குத் தெரியாது.

லூசியானா மாநிலச் சிறைக்கு அங்கோலா என்று பெயர். 18,000 ஏக்கர். மூன்று பக்கம் மிசிசிப்பி ஆறு. ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த தோட்டம். அவர்களைக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மண்ணின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஹெலன் போனபோதும் கறுப்பினக் கைதிகள் வரிசையாக நின்று வயல் வேலை செய்தார்கள். குதிரைமேல் துப்பாக்கியோடு காவலர்கள் இருந்தார்கள்.

மனிதநேயம் என்ற சொல்லுக்கு இந்தக் கட்டத்தில் பெரிய சோதனை வருகிறது. ஹெலன் பேட்ரிக்கை நிரபராதி என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவன் செய்தது கொடுமை என்றே சொன்னார். ஆனால் ஒரு மனிதன் அவன் செய்த மிகக் கேடான செயலோடு முடிந்துவிடுவதில்லை என்று நம்பினார். வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப் பிடித்தார், மேல்முறையீடுகளுக்கு ஓடினார், ஆளுநரைச் சந்தித்தார். ஏழைக்கு வாய்க்கும் வழக்கறிஞருக்கும் பணக்காரனுக்கு வாய்க்கும் வழக்கறிஞருக்கும் உள்ள வேறுபாடு உயிரையே தீர்மானிப்பதை அப்போதுதான் நேரில் கண்டார். எல்லாக் கதவும் மூடின. 1984 ஏப்ரல் 5, நள்ளிரவு கடந்து, பேட்ரிக்கை மின்சார நாற்காலிக்குக் கொண்டுபோனார்கள். சாகும் நேரத்தில் என் முகத்தைப் பார், கிறிஸ்துவின் முகமாக நினைத்துக்கொள் என்று அவனிடம் ஹெலன் சொல்லியிருந்தார். சொன்னபடி அங்கே நின்றார். வெளியே வந்ததும் வாந்தி எடுத்தார்.

பேட்ரிக்கின் குடும்பத்திடம் அடக்கம் செய்யப் பணமில்லை. சூசையப்பர் சபைக் கன்னியர்கள் தங்களுக்கென ஒதுக்கி வைத்திருந்த கல்லறை நிலத்தில் அவனுக்கு இடம் கொடுத்தார்கள். பேட்டன் ரூஜ் ஆயர் ஸ்டான்லி ஆட் அடக்கத் திருப்பலி நிறைவேற்றினார். ஏழைகளுக்காக நிற்பது நம் வேலையா என்று வாதிட்டுக்கொண்டிருந்த சபை, நான்கே ஆண்டுகளில் ஒரு கொலைக் கைதிக்குத் தன் மண்ணில் இடம் கொடுத்தது. ஹெலன் ஒருவரின் மனமாற்றமாக மட்டும் இதைப் படிக்கக் கூடாது என்பதற்காகவே இந்தச் செய்தியைச் சொல்கிறேன்.

தண்டனைக்குச் சில நாட்கள் முன்பு நடந்த ஒன்றை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளி வைத்தேன். அது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. மன்னிப்பு வாரியத்தின் விசாரணைக்குக் கொலையுண்ட இருவரின் பெற்றோரும் வந்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஹெலன் அவர்களை ஒருமுறைகூடப் போய்ப் பார்த்திருக்கவில்லை. போனால் புண்ணைக் கிளறுவதாகிவிடும், என்னை அடித்து விரட்டுவார்கள் என்று பயந்து ஒதுங்கியிருந்தார். ஒரே மகனைப் பறிகொடுத்த தந்தை அன்று அவரிடம் நேரே வந்தார். நானும் கத்தோலிக்கன்தான் சிஸ்டர், இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தீர்கள், எங்கள் பக்கத்தைக் கேட்காமல் அவனுக்காக மட்டும் எப்படிப் பேசுகிறீர்கள் என்ற பொருளில் கேட்டார்.

டெரி ஹோட்டில் நீல் பேசியதற்கு இணையான இரண்டாவது பாடம் இது என்பேன். முதல் பாடத்தைச் சொன்னவர் ஹார்வர்டில் படித்த பேராசிரியர். இரண்டாவதைச் சொன்னவர் சொந்தக் கையால் உழைத்துப் பிழைத்த ஒரு தந்தை. நீதியின் பக்கம் வந்துவிட்டோம் என்று நினைத்தவர், நீதி தேடி நின்ற இன்னொரு வீட்டு வாசலைத் தாண்டிப் போயிருந்தார். தம் கோழைத்தனம் அது என்று ஹெலன் பின்னர் எழுதினார். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் எந்தப் பக்கத்துக்காகப் போராடினாலும் மறுபக்கத்துத் துக்கம் கண்ணில் படாமல் போகும் ஆபத்து எல்லாப் போராளிகளுக்கும் உண்டு. அதை இவ்வளவு வெளிப்படையாகப் பதிவு செய்தவர்கள் சிலரே.

அந்தத் தந்தை ஹெலனைத் தள்ளி வைக்கவில்லை. மகனின் உடலை அடையாளம் காட்டிய வேளையில் அவர் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொன்னார். மன்னிப்பைக் கேட்கும் வரி வந்ததும் நிறுத்தவில்லை. செய்தது யாராக இருந்தாலும் மன்னிக்கிறேன் என்று முடிவெடுத்தார். பேட்ரிக் நாற்காலியில் அமரும் முன் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டபோது தலையசைத்தார். அது ஒருமுறை செய்து முடிக்கிற காரியமாகவும் இல்லை. மகனின் பிறந்தநாள் வரும்போதெல்லாம், அவனுக்கு இப்போது இத்தனை வயதாகியிருக்கும் என்று கணக்குப் போடும்போதெல்லாம் மறுபடி மன்னிக்க வேண்டியிருந்தது. செயிண்ட் மார்ட்டின்வில் ஊர்ச் சிற்றாலயத்தில் விடியலுக்கு முன் அவர் நற்கருணை முன்னால் செபிக்கப் போவார். ஹெலனும் அங்கே போய் அவரோடு மண்டியிட்டுச் செபமாலை சொன்னார்.

அதே 1984இன் இறுதியில் ராபர்ட் லீ வில்லி என்ற இன்னொரு கைதிக்கு ஆலோசகராக இருக்க ஒப்புக்கொண்டபோது, ஹெலன் கொலையுண்ட பெண்ணின் பெற்றோர் வீட்டுக்கு முதலிலேயே போனார். அவர்கள் மரண தண்டனையை உறுதியாக ஆதரித்தவர்கள். சிஸ்டரும் தங்கள் பக்கம் வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை என்றதும் கோபப்பட்டார்கள். டிசம்பர் 28 அன்று வில்லிக்குத் தண்டனை நிறைவேறியது. மகள் திரும்பி வரவில்லை. அவர்களின் துக்கமும் ஆறவில்லை. ஹெலன் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒருவர் நிலைப்பாட்டை ஒருவர் மாற்ற முடியாமலே ஒரு நட்பு வளர்ந்தது.

கொலையுண்டவர்களின் குடும்பங்களுக்காக நியூ ஆர்லியன்ஸில் 'சர்வைவ்' என்ற அமைப்பைத் தொடங்க ஹெலன் முன்னின்றார். அதன் கூட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளைப் பறிகொடுத்த கறுப்பினத் தாய்மார்கள். அவர்களில் பலருடைய வழக்குகளில் யாரும் கைதாகவில்லை; அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்புகூட வந்திருக்கவில்லை. 1987இல் மெக்கிளெஸ்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் ஓர் ஆய்வு வைக்கப்பட்டது. ஜார்ஜியாவில் வெள்ளையரைக் கொன்றவருக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு, கறுப்பினத்தவரைக் கொன்றவருக்கு இருப்பதைப் போல 4.3 மடங்கு என்று அது காட்டியது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அந்தக் கணக்கு ஒரு தண்டனையை நீக்கப் போதாது என்று தீர்ப்பளித்தார்கள். சர்வைவ் கூட்டத்துக்கு வந்த தாய்மார்களுக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தங்கள் பிள்ளைகளின் உயிருக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். இந்தத் தாய்மார்களின் கதையையும், அங்கோலாவில் தாம் கண்டதையும், அந்தத் தந்தையின் செபத்தையும் சேர்த்து ஹெலன் எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது. அந்த நூலும், 1997 ஜனவரியில் அவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்கு எழுதிய கடிதமும் ரோமில் என்ன ஆயின என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)